கள்ள மூச்சு

ரக்பி ஸ்க்ரம்முக்குள் தலை நுழைந்துவிட்டால் உலகம் ஒரு காதளவுக்குச் சுருங்கிவிடும். வானம் கிடையாது, அரங்கம் கிடையாது. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், கிடாய்கள் முட்டிக்கொள்வதுபோல் தலைக்குத் தலை பூட்டிக்கொண்டு தள்ளுவார்கள். முன்வரிசையின் நடுவில் நிற்கும் இசக்கிதுரைக்குத் தெரிவதெல்லாம் மிதிபட்ட புல்லின் வாசனையும், எதிராளியின் தாடியிலிருந்து சொட்டும் வியர்வையும், தன் கழுத்தெலும்பு கறகறவென்று முனகுவதும்தான். அதோடு ஒரு சத்தம். தோளோடு தோள் பின்னி நிற்கும் ஜெபசிங்கின் வாயிலிருந்து, பல்லைக் கவ்விய மவுத்கார்டைத் தாண்டி, வண்டு மரத்தைக் குடைவதுபோல் வந்துகொண்டேயிருக்கும் சத்தம்.

கபடி கபடி கபடி கபடி.

அது ஜெபசிங்கின் சத்தமா தன்னுடையதா என்று இசக்கி யோசித்ததேயில்லை. சொந்த நெஞ்சு அடிப்பதை யார் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

அன்று எதிரணி பெர்த்திலிருந்து வந்திருந்தது. பந்து கால்களுக்கிடையே உருண்டு பின்னால் போனதும், அவர்களுடைய செந்தாடிக்காரன் ஒருவன் அதை அள்ளிக்கொண்டு ஓடி வந்தான். ஆள் ஒரு சின்ன லாரி அளவு இருந்தான். ஜெபசிங் ஸ்க்ரம்மிலிருந்து பிய்த்துக்கொண்டு, தரையோடு தரையாகக் குனிந்து போய், இடுப்பைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கி அடித்தான். முருங்கைக்கொம்பு ஒடிவதுபோல் ஒரு ஓசை. செந்தாடிக்காரனின் தோள்பட்டை எலும்பு. பின்னாலேயே ஓடி வந்த இன்னொருவனின் முழங்கால் ஜெபசிங்கின் பொட்டில் இடித்தது. அவன் மல்லாந்தான். கண்கள் கொஞ்சநேரம் எங்கோ போயிருந்தன. பிறகு எழுந்தான்.

சுற்றி நின்றவர்களில் பலர் கழுத்தில் சிவப்பும் மஞ்சளும் எரிந்தன. அவ்வளவு அடி வாங்கிய ஜெபசிங்கின் கழுத்திலோ இளம் வெற்றிலை நிறத்தில் பச்சை.

"பச்சைக்காரன்! பச்சைக்காரன்!" என்று தூத்துக்குடி அரங்கமே எழுந்து நின்று கத்தியது.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் ரக்பி ஆட்டக்காரர்களைத் தாங்கமுடியாத அளவுக்குப் பயிற்சி கொடுத்தே கொன்றார்கள். சிலர் மைதானத்தில் விழுந்தார்கள். சிலர் ஓய்வுபெற்ற பிறகு, பிள்ளைகளின் பெயர் மறந்து, குளியலறையில் விழுந்து கிடந்தார்கள். விதவைகள் ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். கடைசியில் சட்டம் வந்தது. மவுத்கார்டுக்குள் மிளகளவு இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். அது ஆட்டக்காரனின் மூச்சைக் கேட்கும். அடி விழுந்தபின், ஓடி நின்றபின், மூச்சு எப்படிச் சிதறுகிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பார்த்து, அந்த உடம்பு எவ்வளவு சுமந்துவிட்டது, இன்னும் எவ்வளவு சுமக்கும் என்று கணக்குச் சொல்லும். ஜெர்சிக் காலரில் தைத்த மெல்லிய பட்டையில் அது தெரியும். பச்சை என்றால் ஆடலாம். மஞ்சள் என்றால் பைய ஆடவேண்டும். சிவப்பு எரிந்தால் வெளியே. கோச்சோ டாக்டரோ ஆட்டக்காரனோ மறுபேச்சுப் பேச முடியாது. ஆட்டக்காரர்கள் அதற்குத் தராசு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நல்ல சட்டம்தான். ஆனால் சிவப்பை உட்காரவைத்தால் அவன் சுமையையும் பச்சைதான் சுமக்க வேண்டும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. அவர்கள் இன்னொன்றையும் யோசிக்கவில்லை. அதற்குத் தேரிக்காட்டில் பிறந்திருக்க வேண்டும்.

தேரிக்காடு என்பது சாத்தான்குளத்துக்குத் தெற்கே கிடக்கும் செம்மண் கடல். கால் வைத்தால் கணுக்கால் வரை இழுக்கும். அந்த மணலில் கபடி ஆடி வளர்ந்தவர்களின் இடுப்பில் தனி முறுக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்த தென்கடல் கிளப், ஒரு டஜன் பேரைத் தூத்துக்குடிக்கு அள்ளிக்கொண்டு வந்து ரக்பி ஜெர்சி மாட்டியது. இசக்கியும் ஜெபசிங்கும் அங்குள்ள தேரிவிளை ஊர்க்காரர்கள். ஒரே தெரு. அவர்கள் இல்லாவிட்டால் இந்துமாக்கடல் லீக்கில் தென்கடல் என்ற பெயரே கிடையாது.

திங்கட்கிழமை காலை மைதானத்தில் இரும்புச் சட்டத்தில் மணல் மூட்டைகளை அடுக்கி, இடுப்பில் கயிறு கட்டி, தேரிக்காட்டுக்காரர்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் ஓரத்தில் ஐஸ் தொட்டிகளில் கழுத்தளவு மூழ்கிக் கிடந்தார்கள். அவர்கள் சிவப்பு. சிவப்புக்கு ஐஸ், பச்சைக்கு இரட்டைப் பயிற்சி.

"இன்னா மச்சி," என்று தொட்டிக்குள்ளிருந்து சத்தம் போட்டான் மெட்ராஸ்காரன் தினகர். "ரோடு ரோலருக்கே வேலை பூடும் போலருக்கே! கொஞ்சம் கருணை காட்டு நைனா."

எல்லாரும் சிரித்தார்கள். இசக்கியும் சிரித்தான். ஜெபசிங் கயிற்றை அவிழ்த்துப் போட்டான். நிதானமாக நடந்து தொட்டிக்குப் போனான். தினகரின் உச்சந்தலையில் கையை வைத்துத் தண்ணீருக்குள் அமுக்கினான்.

முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தார்கள். தினகரின் கால்கள் தொட்டியின் மறுமுனையில் அடித்துக்கொண்டன. ஐஸ் கட்டிகள் தெறித்து விழுந்தன. ஜெபசிங்கின் முகத்தில் கோபம் இல்லை. துணி அலசுகிறவன் முகம்போல் இருந்தது. இசக்கி ஓடிப்போய் பின்னாலிருந்து கையைப் போட்டு இழுத்தான். அசையவில்லை. விலாவில் முழங்கையால் இரண்டு முறை இடித்த பிறகுதான் பிடி விட்டது. தினகர் வாயெல்லாம் தண்ணீராக மேலே வந்து, இருமி இருமி, தொட்டிக்கு வெளியே சரிந்தான்.

"என்னல ஆச்சு?" என்று கேட்டான் ஜெபசிங். "அவன் ஏன் இருமுதான்?"

இசக்கி தினகரின் முதுகைத் தட்டிவிட்டான்.

கோச் அருமைநாயகம் வந்தார். பட்டாளத்தில் இருந்தவர், பூட்ஸ் சத்தம் முன்னால் வரும். முதலில் தினகரைப் பார்த்தார். பிறகு ஜெபசிங்கின் காலரைப் பார்த்தார்.

"பச்சைதான எரியுது?" என்றார். "பொறவென்ன. கொழுப்ப ஞாயித்துக்கிழமைக்கு மிச்சம் வைல. டர்பன் ஊர்க்காரன் வாரான். கயித்தக் கட்டு."

அன்று சாயங்காலம் ஜெபசிங்கின் மனைவி கிரேஸ்லின், கிளப் குடியிருப்பில் இசக்கியின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. புடவைத் தலைப்பை விலக்கி முன்கையைக் காட்டினாள். ஐந்து விரலும் கருநீலமாகப் பதிந்திருந்தன.

"அடிச்சானா?"

"அடிக்கலண்ணே. அடிச்சா நானும் திருப்பி அடிச்சிருப்பேன்லா? தூங்கும்போது பிடிச்சாவ. விடத் தெரியல. கண்ணு தொறந்தே இருக்கு. வாயி மட்டும் கபடி கபடின்னு ஓடிக்கிட்டே கெடக்கு. எப்பா, கைய விடுங்கன்னு அழுதேன். கேக்கல."

"எத்தன நாளா?"

"அது கெடக்கட்டும், இதக் கேளுங்க. குழம்புல உப்பு இல்லன்னாவ. போட்டேன். இன்னும் இல்லன்னாவ. கோவத்துல உப்பு டப்பாவத் தூக்கி முன்னால வச்சேன். ஒரு கல்ல எடுத்து வாயில போட்டு மென்னுட்டு, 'இதுலயும் உப்பு இல்லட்டி'ங்காவ." அவள் சிரிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்திக்கொண்டாள். "நல்ல மனுசனத்தான் உங்ககூட அனுப்பினேன். யாரையோ திருப்பிக் கொண்டாந்து விட்டிருக்கிய."

மறுநாள் இசக்கி டாக்டர் நஜீமாவின் அறைக்குப் போனான். காயல்பட்டினத்துக்காரர். கிளப்பில் ஆட்டக்காரர்களை வாங்க போங்க என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

"ஜெபசிங் ரிப்போர்ட்டத்தான் நானும் பார்த்துக்கிட்டிருக்கேன்," என்றார். "கோவில் குளத்துல உட்கார்ந்து தியானம் பண்றவர் மாதிரி இருக்கு. உங்களுதும் அப்படித்தான். உங்க ஊர்க்காரங்க எல்லாருக்கும் அப்படித்தான். தண்ணில என்னதான் கலக்குறாங்க?"

"அவனுக்கு உடம்பு சரியில்ல டாக்டர். தராசு பொய் சொல்லுது."

"அது பொய் சொல்லத் தெரியாத சாதனம். சரி, நீங்க ஏறி ஓடுங்க. உங்களையே பார்ப்போம்."

இசக்கி மவுத்கார்டைக் கவ்விக்கொண்டு டிரெட்மில்லில் ஏறினான். அவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். தொடை எரிந்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. காலரில் பச்சை எரிந்தது. டாக்டர் திரையை விட்டுவிட்டு அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"என்ன முணுமுணுக்கிறீங்க?"

அவன் தலையை ஆட்டினான்.

"உதடு அசையுது இசக்கி. நான் பாக்குறேன்ல? என்ன சொல்றீங்க?"

அப்போதுதான் இசக்கிக்கே அது காதில் விழுந்தது. கோவணத்தோடு தெருவில் நிற்பதை யாரோ பார்த்துவிட்டதுபோல் கூசியது. "கபடிதான் டாக்டர். பழக்கம்."

"கபடி ஆடும்போது மூச்ச அடக்கணும்தானே? ஒரே மூச்சுல பாடணும். நீங்க இவ்வளவு நேரமா பாடிக்கிட்டே ஓடுறீங்களே?"

ஊருக்குள் மட்டும் இருக்க வேண்டிய ஒரு விஷயத்தை இசக்கி அன்று முதல்முறையாக வெளியாளிடம் சொன்னான். கபடியில் பாட்டு நிற்கக் கூடாது. பாட்டை விட்டவன் அவுட். ஆனால் தேரிக்காட்டுக்காரர்களிடம் ஒரு களவு உண்டு. பாட்டின் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில், மூக்கு வழியாக ஒரு சிட்டிகைக் காற்றை உள்ளே இழுத்துவிடுவார்கள். நெஞ்சு ஏறாது, தோள் அசையாது, பாட்டில் பிசிறு தட்டாது. எந்த நடுவரும் இதுவரை பிடித்ததில்லை. சின்ன வயதிலேயே பழகிவிடும். அதற்குப் பெயர் கள்ள மூச்சு.

"நிறுத்துங்க," என்றார் டாக்டர். "பாட்ட நிறுத்திட்டு ஓடுங்க. சாதாரணமா மூச்சு வாங்குங்க."

அது அத்தனை சுலபமாக இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நிறுத்தினான். நிறுத்தியதும் நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்த கதவு திறந்ததுபோல் மூச்சு இரைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. காலர் மஞ்சளாயிற்று. அவன் பத்து எண்ணி முடிப்பதற்குள் சிவப்பாயிற்று. சிவப்பு துடிக்கத் தொடங்கியது. டாக்டர் ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினார்.

இசக்கி கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"தராசு உலகம் பூரா ஆட்டக்காரங்களப் பார்த்துப் படிச்சது," என்றார் நஜீமா. "ஓடுறவனுக்கு மூச்சு வாங்கும், அடி வாங்கினவனுக்கு மூச்சு சிதறும். அதுக்கு அது தெரியும். அடி வாங்கும்போதும் சீராப் பாடுறவன அது பார்த்ததே இல்ல. அவன் நல்லா ஓய்வுல இருக்கான்னு நினைச்சுக்குது. ரெண்டு வருஷமா உங்க உடம்புல இருந்து ஒரு சேதி கூட அதுக்குப் போய்ச் சேரல. மத்தவங்க சுமையையும் உங்க தலையிலதான் ஏத்தியிருக்கோம்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஜெபசிங் தலைக்குள்ள என்ன நடந்துக்கிட்டிருக்குன்னு நினைச்சா எனக்குப் பயமா இருக்கு."

"அப்ப அவன உக்கார வைங்க."

"பச்சை எரியும்போது உட்கார வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. தராசு தப்புன்னு நிரூபிச்சாத்தான் முடியும். நிரூபிச்சா, அளக்க முடியாத உடம்பு ஆடக்கூடாதுன்னு இன்னொரு விதி இருக்கு. உங்க ஊர்க்காரங்க எல்லாரையும் அன்னைக்கே நிறுத்திடுவாங்க. நீங்க இப்ப ஓடினத நான் மேல அனுப்பினா போதும். அனுப்பட்டுமா?"

பன்னிரண்டு வீடுகள் இசக்கியின் கண்முன் வந்து நின்றன.

"ஞாயித்துக்கிழமை ஆட்டம் கழியட்டும் டாக்டர்."

"கழியட்டும்," என்றார் அவர். "அதுக்குள்ள அவர் கழிஞ்சிடாம இருக்கணும்."

கிளப்புக்குப் பின்னால் உப்பளத்தை ஒட்டிய கடற்கரையில் ஜெபசிங் தனியாக உட்கார்ந்திருந்தான். இசக்கி எல்லாவற்றையும் சொன்னான். அவன் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இப்ப என்ன செய்யணுங்குத?"

"பாட்ட விடுல. ஒரு ஆட்டம். சிவப்பு எரியட்டும், உக்காந்து எந்திரி. உன் நல்லதுக்குத்தாம்ல சொல்லுதேன்."

"பாட்ட விட்டவன் அவுட்டு. பால்குடிப் பயலுக்குத் தெரியும்."

"ஏல மூதி, இது கபடி இல்லல!"

"நம்மள அளக்க முடியாதுன்னு தெரிஞ்சா வெரட்டிருவாம்லா? அம்புட்டுப் பயலும் ஊருக்குப் போய் என்ன செய்யச் சொல்லுத, பனை ஏறவா? பனை எங்கல இருக்கு? பூராம் காத்தாடி மிசின்லா நிக்கி."

"ஒரே ஒரு தடவ விட்டுப் பாரு. இங்கன, என் முன்னால. யாரும் பாக்கல."

ஜெபசிங் எழுந்தான். பந்தயம் கட்டியவன்போல் சிரித்துவிட்டு ஈர மணலில் ஓடினான். திரும்பி வந்தான். மறுபடி ஓடினான். இசக்கி பார்த்துக்கொண்டே நின்றான். அவன் உதடு நின்றது தெரிந்தது. நாலு எட்டு வைத்திருப்பான். கால் பின்னியது. மண்டியிட்டு, இரண்டு கையையும் மணலில் ஊன்றி, வலைக்குள் கிடக்கும் மீன்போல் வாயைத் திறந்து திறந்து மூடினான். உடம்பு முழுக்க நடுங்கியது. மூக்கிலிருந்து ரத்தம் மணலில் சொட்டியது.

இசக்கி தோளைத் தொட்டான்.

"உள்ள எவனோ அழுதாம்ல," என்றான் ஜெபசிங். குரல் சின்னதாக இருந்தது. "ரொம்ப நாளா அழுதுக்கிட்டிருக்கான் போல."

"அவன்தாம்ல நீ."

அந்தச் சொல்லை அவனால் பொறுக்க முடியவில்லை. எழுந்து விட்டான் ஒரு குத்து. இசக்கி பின்னால் விழுந்தான். மேலே ஏறி உட்கார்ந்து ஜெபசிங் குத்திக்கொண்டே இருந்தான். உதடு கிழிந்தது, கண் வீங்கியது. இசக்கி திருப்பி அடித்தான். சிறு வயதில் அடித்துக்கொண்ட எந்தச் சண்டையும் இதுபோல் இல்லை. அடிக்கும்போதே ஜெபசிங்கின் வாய் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. கபடி கபடி கபடி. ஓடத் தொடங்கியதும் கையின் நடுக்கம் நின்றது. முகத்தில் துணி அலசுகிறவனின் அமைதி திரும்பி வந்தது. சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வதுபோல் அவன் அதற்குள் போய்விட்டான்.

"டாக்டர்கிட்ட போய்ச் சொன்னியன்னா," என்றான், "உன் பல்லப் பேத்துக் கையில குடுத்துருவேன்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் வெள்ளையாகக் கொட்டியது. டர்பன்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே ஜெபசிங்கைக் குறிவைத்தார்கள். பெர்த்காரனின் தோளை உடைத்தவன் என்ற பேர் லீக் முழுக்கப் பரவியிருந்தது. முதல் பாதியில் இரண்டு பேர் அவனை இரு பக்கத்திலிருந்தும் மோதினார்கள். தலை ஒருவனின் தோளில் பட்டு மற்றவனின் நெற்றியில் திரும்பப் பட்டது. தேங்காய் உடைக்கும் சத்தம் இசக்கிக்குத் தெளிவாகக் கேட்டது. மோதியவனே மயங்கி விழுந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜெபசிங் எழுந்து நின்றான். பச்சை.

இரண்டாம் பாதியில் ஸ்க்ரம்முக்கு விசில் அடித்தபோது அவன் நேராக நடந்துபோய், டர்பன்காரர்களின் வரிசையில் தோளைக் கொடுத்து நின்றான்.

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. டர்பன்காரர்களும் சிரித்தார்கள். இசக்கி போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தான். ஜெபசிங் குழந்தைபோல் கூடவே வந்தான். ஒரு கண்ணின் பாப்பா மிளகாகவும் இன்னொன்றின் பாப்பா திராட்சையாகவும் இருந்தன.

"சார்!" என்று கோட்டோரம் பார்த்துக் கத்தினான் இசக்கி. "இவன வெளிய எடுங்க சார்!"

அருமைநாயகம் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். பச்சைல்லா எரியுது.

டாக்டர் நஜீமா கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி வந்தார். ரெஃப்ரி குறுக்கே கையை நீட்டினார். "பச்சை, டாக்டர். வெளியே போங்க." நஜீமா போகவில்லை. இரண்டு காவலர்கள் வந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். இழுபடும்போது அவர் இசக்கியைப் பார்த்தார். அனுப்பட்டுமா என்று கேட்ட அதே பார்வை. இனி அனுப்பி என்ன ஆகப்போகிறது.

"குனி," என்றார் ரெஃப்ரி. "பிடி."

இன்னொரு ஸ்க்ரம். பதினாறு பேரின் கனமும் அந்தக் கழுத்தில் இறங்கும். இசக்கி வலது கையை ஜெபசிங்கின் தோளில் போடுவதற்குப் பதிலாக இடுப்பில் போட்டான். இடது கையையும் கொண்டுவந்து பூட்டினான். தேரி மணலில் பாடி வருகிறவனைப் பிடிக்கிற பிடி. தூக்கிச் சாய்த்தான்.

சொந்த அணிக்காரனையே ஒருவன் வீழ்த்துவதை அந்த அரங்கம் பார்த்ததில்லை. கீழே கிடந்த ஜெபசிங்குக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டது. பிடிபட்டவன் என்ன செய்ய வேண்டும் என்று அவன் உடம்புக்குத் தெரியும். கோட்டைத் தொட வேண்டும். பாட்டை விடக் கூடாது. அவன் மவுத்கார்டைத் துப்பிவிடாமல் கவ்விக்கொண்டு, உரக்கப் பாடத் தொடங்கினான். கபடி கபடி கபடி கபடி! விலக்கிவிட வந்த ரெஃப்ரியின் சட்டை மைக் அதை அள்ளி ஒலிபெருக்கியில் கொட்டியது. கரகரத்த அந்தக் குரல் அரங்கத்தின் எல்லா மூலையிலும் மோதித் திரும்பியது. டர்பனிலும் பெர்த்திலும் கொழும்பிலும் திரைக்கு முன் உட்கார்ந்திருந்தவர்கள் அதைக் கேட்டார்கள்.

முழங்கை இசக்கியின் மூக்கில் விழுந்தது. மூக்கு உள்ளே நொறுங்கியது. மறுபடி விழுந்தது. அவன் பிடியை விடவில்லை. பின்னாலிருந்து யார் யாரோ அவனை உதைத்தார்கள், இழுத்தார்கள், அவர்களில் தன் ஊர்க்காரர்களும் இருப்பது தெரிந்தது. காலைச் சுற்றிப் பின்னினான். எத்தனை நேரம் பிடித்தாலும் பாட்டு நிற்காது என்பது அவனுக்குத் தெரியும். கள்ள மூச்சுக்காரனின் பாட்டை யாராலும் நிறுத்த முடியாது. அந்தக் களவு எந்த வாசல் வழியாக நடக்கிறது என்று தெரிந்த இன்னொரு களவாணியைத் தவிர.

ஒரு கையை விடுவித்து ஜெபசிங்கின் மூக்கைப் பிடித்து மூடினான்.

கபடி கபடி கபடி. கபடி கபடி. கபடி.

"விடுல," என்று அழுதான் இசக்கி. "விட்டுருல மக்கா. விட்டுரு."

கப…

பாட்டு அறுந்தது. ஜெபசிங்கின் வாய் அகலத் திறந்தது. மூச்சு ஒரு ஊளையாக உள்ளே போனது. பச்சை மஞ்சளாகக்கூட மாறவில்லை. நேராகச் சிவப்புக்குத் தாவி, இடைவிடாமல் துடித்தது. ரெஃப்ரி இரண்டு கையையும் தூக்கினார். நஜீமா காவலர்களை உதறிவிட்டு ஓடி வந்தார்.

இசக்கி புல்லில் உட்கார்ந்து வாய்வழியாக மூச்சுவிட்டான். மூக்கு இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது. தன் கழுத்திலும் சிவப்பு எரிவதை, எதிரே நின்ற டர்பன்காரனின் ஈரமான முகத்தில் அதன் சாயலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

அன்றே ஜெபசிங்கின் மண்டையைத் திறந்து உள்ளே கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்தான். இனி ஆடமுடியாது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டான். தேரிவிளையில் பாதிப்பேர் இசக்கியின் முகத்தில் விழிப்பதில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள்: ஒருத்தனுக்காக பன்னிரண்டு வீட்டு அடுப்பில் தண்ணி ஊத்திட்டியே.

ஒருநாள் இசக்கி பார்க்கப் போயிருந்தபோது கிரேஸ்லின் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஜெபசிங் ஒரு வாய் வாங்கி, மென்று, முகத்தைச் சுளித்தான்.

"உப்பு," என்றான். வெகுநேரம் கழித்து, "கூடிப்போச்சு."

கிரேஸ்லின் கையிலிருந்த தட்டு சரிந்தது. சோற்றோடு தரையில் உட்கார்ந்து, "கூடிப்போச்சாம்ணே, கூடிப்போச்சாம்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். செய்தது சரிதான் என்று அன்றைக்குத்தான் இசக்கி தூங்கினான்.

அதைவிட ஆச்சரியம், தேரிக்காட்டுக்காரர்களை லீக் வெளியே தள்ளவில்லை. விசாரணை நடந்தது, மூடிய அறையில் பேசினார்கள், ஒரு வாசகத்தில் முடித்துவிட்டார்கள்: தடை ஏதும் இல்லை. இசக்கிக்குக்கூடச் சின்னத் தண்டனைதான். அருமைநாயகம் அவனைக் கட்டிப்பிடித்து, "புது சீசன், புது ஆட்டம்ல," என்றார். ஊரில் மறுபடி முகம் கொடுத்துப் பேசினார்கள். அந்த மாதங்களில் தேரிப்பக்கத்து வயதான கபடிக்காரர்கள் சிலர் பாஸ்போர்ட் எடுத்தார்கள். எதற்கென்று கேட்டால் சிரித்து மழுப்பினார்கள்.

நஜீமா வேலையை விட்டுப் போயிருந்தார். சீசன் தொடங்குவதற்கு முன் இசக்கி அவருக்குப் போன் போட்டான்.

"தராசச் சரி பண்ணிட்டாங்களா டாக்டர்?"

"சரி பண்றது ஒரு வாரத்து வேலை இசக்கி," என்றார். "பண்ணச் சொல்லி எந்தக் கிளப்பும் கேக்கல."

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓய்வு மாதங்கள் முழுக்க அவன் ஒன்றைத்தான் பழகியிருந்தான். தேரி மணலில் தனியாக ஓடி, பாடாமல், நாய்போல் நாக்குத் தள்ள மூச்சு வாங்கப் பழகியிருந்தான். சிவந்தால் சிவக்கட்டும். ஆறும், ஆறினபிறகு ஆடலாம்.

முதல் ஆட்டம் பெர்த்துடன். உடைந்த எலும்பு கூடிய செந்தாடிக்காரன் வந்திருந்தான். ஸ்க்ரம்முக்கு விசில் அடித்தது. இசக்கி குனிந்து தலையை நுழைத்தான். உலகம் ஒரு காதளவுக்குச் சுருங்கியது. மிதிபட்ட புல்லின் வாசனை. கழுத்தெலும்பின் முனகல். வலது பக்கம் புதியவன் ஒருவன்.

அந்தச் சத்தம்.

வலது பக்கத்திலிருந்து வரவில்லை. எதிரிலிருந்து வந்தது. செந்தாடிக்குள்ளிருந்து, மவுத்கார்டைத் தாண்டி, யாரோ பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த சத்தம். நாக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை, எழுத்து நீண்டது. ஆனால் இடையில் மூக்கு வழியாக இழுபடும் அந்தச் சிட்டிகைக் காற்று சுத்தமாக இருந்தது.

கபாடி கபாடி கபாடி கபாடி.

அவனுக்கு அடுத்தவனும். அதற்கடுத்தவனும். இசக்கியின் முதுகுக்குப் பின்னால், மெட்ராஸ்காரன் தினகரும்.

இசக்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். தள்ளினான், வாங்கினான். சற்றுநேரத்தில் ரெஃப்ரி அவன் தோளைத் தட்டினார். அவன் தலையை உருவிக்கொண்டு நிமிர்ந்தான். மைதானம் முழுக்க எல்லாக் கழுத்திலும் பச்சை எரிந்தது. பெர்த்காரர்கள், தென்கடல்காரர்கள், எல்லாரும் இளம் வெற்றிலைபோல. சிவப்பு ஒன்றே ஒன்று. ரெஃப்ரி அதைப் பார்த்து, கோட்டுக்கு வெளியே கையைக் காட்டினார்.

இசக்கி நடந்தான். பின்னால் ஸ்க்ரம் மறுபடி கூடி மோதியது. எதுவோ ஒடிந்தது. யாரும் கத்தவில்லை.

கேலரியிலிருந்து அவன் ஊர்ப்பக்கத்துக் குரல் ஒன்று கேட்டது: "ஏல, பாட்ட விட்டுட்டாம்ல! அவுட்டு! அவுட்டு!"

அவன் பெஞ்சில் உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து, ஊர் கேட்க மூச்சு வாங்கினான்.